மணலில் ஓர் இரவு: திட்டமிடுதலும் இபாதத்தே

இன்ஷா அல்லாஹ், இந்தக் குளிர்காலத்தில் தார் பாலைவனத்தில் ஓரிரவு தங்கிவர எங்கள் குடும்பம் நிய்யத் வைத்திருக்கிறது. இராயபுரத்திலிருந்து ஆறு பேர் செல்கிறோம்: என் உம்மா, நான், என் மனைவி, மூன்று பிள்ளைகள். இராஜஸ்தானின் ஜெய்சல்மேர் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் குரி என்றொரு சிற்றூர் உண்டு. மண்சுவரும் புல்கூரையும் கொண்ட சில குடில்கள், அவற்றைத் தாண்டினால் மணல்மேடுகள். அங்கேதான் தங்கப்போகிறோம்.

செய்தியைக் கேட்ட உறவினரும் அண்டை வீட்டாரும் மூன்று விதமாகக் கேட்டனர். "அந்தப் பணத்தை உம்ராவுக்குச் சேர்த்து வைக்கலாமே?" என்றார் ஒருவர். "போவதுதான் போகிறீர்கள், சாம் மணல்மேட்டில் கட்டிலும் மின்விளக்கும் உள்ள கூடாரங்கள் இருக்கின்றனவே, ஒன்றுமில்லாத இடத்துக்கு ஏன்?" என்றார் இன்னொருவர். எர்ணாவூரிலிருந்து வந்திருந்த நண்பர் கேட்ட கேள்விதான் மனத்தைத் தைத்தது. "கூரையில்லாமல் படுப்பதற்கு இராஜஸ்தான்வரை போகவேண்டுமா, பாய்? எங்கள் பக்கம் வாருங்கள்" என்றார்.

மூன்றும் நியாயமான கேள்விகளே. பதில் சொல்லுமுன், இந்த எண்ணம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய என் மாமியாரைப் பார்க்கச் சென்றிருந்தோம். கஅபாவைக் கண்டது, அரஃபாவில் அழுதது எல்லாவற்றையும் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். முஸ்தலிஃபா இரவைப் பற்றிக் கேட்டபோது சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஓரிரவு மட்டும் என் மனம் தொழுகையில் நிற்கவில்லை. வெறுந்தரையில் படுத்துப் பழக்கமில்லை. கழிப்பறைக்குப் போக அஞ்சி, தண்ணீர் குடிக்காமலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்" என்றார்கள். ஹஜ் வகுப்புகளில் துஆக்களையும் கிரியைகளையும் சொல்லிக்கொடுத்தவர்கள், திறந்தவெளியில் ஓரிரவைக் கழிப்பது எப்படி என்பதைச் சொல்லித் தரவில்லை. யாரையும் குறைகூற முடியாது. அது கற்றுக்கொள்ளவேண்டிய ஒன்று என்று நம்மில் எவருக்குமே தோன்றியதில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் உம்மா வீடு திரும்பும் வழியில் சொன்னார்கள்: "எனக்கும் ஹஜ் நஸீபானால் அந்த இரவு வரும். போகுமுன் ஒருமுறை அப்படிப் படுத்துப் பார்க்கவேண்டும்." அவர்களுக்கு வயது 64. முழங்காலில் வலி உண்டு. ஆகவே இந்தப் பயணம் எங்கள் வீட்டில் பிள்ளைகளின் ஆசையாகத் தொடங்கவில்லை. அவர்களுடைய கவலையிலிருந்து தொடங்கிற்று.

பாலையில் பிறந்த சலுகைகள்

நம் மார்க்கத்தின் அன்றாட ஒழுங்குகளில் எத்தனையோ பயணிகளின் கூடாரத்தில் பிறந்தவை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காகத் தண்ணீர் இல்லாத இடத்தில் முழுப் படையும் தங்கவேண்டியதாயிற்று. அந்தத் தவிப்பின் முடிவில்தான் தயம்முமின் சட்டம் அருளப்பட்டது. மாலையோ, ஒட்டகத்தை எழுப்பியபோது அதன் அடியிலேயே கிடந்தது. கைபரிலிருந்து திரும்பும் வழியில் பெருமானார் (ஸல்) அவர்களும் தோழர்களும் ஓரிடத்தில் இறங்கினர். ஸுப்ஹுக்கு எழுப்பும் பொறுப்பை ஏற்ற பிலால் (ரலி) அவர்களும் ஒட்டகத்தில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தார்கள். வெயில்பட்ட பிறகே எல்லோரும் விழித்தனர். தவறிய தொழுகையை எப்படி நிறைவேற்றுவது என்பதை நாம் கற்றுக்கொண்டது அந்தக் காலைப்பொழுதில்தான். பயணத்திலும் தங்குமிடத்திலும் இலகுவாக எடுத்துச்செல்லத்தக்க தோல் கூடாரங்களைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் எண்ணிக் காட்டுகிறான்.

நம் பிள்ளைகள் இவற்றையெல்லாம் மதரஸாவில் படிக்கிறார்கள். என் மூத்த மகள் தயம்முமின் ஃபர்ளுகளைத் தவறின்றி ஒப்பிப்பாள். ஆயினும் தண்ணீர் தீர்ந்துபோகும் ஓர் இடத்தை அவள் கண்டதில்லை. குழாயைத் திருகினால் நீர் வரும், பள்ளிவாசலின் மிஹ்ராபைப் பார்த்தால் கிப்லா தெரியும், கைப்பேசி ஒலித்தால் வக்து தெரியும். நீரும் திசையும் நேரமும் நம் வீட்டுச் சுவருக்குள் ஆயத்தமாகக் கிடைப்பதால், அவை தொழுகையின் நிபந்தனைகள் என்பதே நமக்கு மறந்துவிட்டது. வசதியில்லாத இடத்துக்குப் போகத் திட்டமிடும்போது இம்மூன்றையும் நாமே தேடிக்கொள்ளவேண்டியதாகிறது. என் கருத்தில், இந்தப் பயணத்தின் பலன் பாலைவனத்தில் கிடைப்பதைவிட இந்த ஆயத்தத்தில்தான் அதிகம் கிடைக்கிறது.

தண்ணீர்: ஒரு கேன் கணக்கு

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்வார்கள் என்று ஹதீஸில் வருகிறது. மத்ஹபுகளின் அளவில் சற்று வேறுபாடு உண்டெனினும், ஏறத்தாழ முக்கால் லிட்டர் என்று கொள்ளலாம். ஒருநாள் என் மகன் ஒளுச் செய்யும்போது குழாயடியில் வாளியை வைத்துப் பார்த்தேன். ஐந்து லிட்டருக்கும் மேல் நிரம்பியது. அதே சோதனையை எனக்குச் செய்தபோது வாளி இன்னும் நிரம்பியது. அதன்பின் அவனைக் கண்டிக்க எனக்கு வாயில்லை.

எங்கள் கணக்கு இதுதான். லுஹரையும் அஸரையும் சேர்த்து ஒருமுறை, மஃரிபையும் இஷாவையும் சேர்த்து ஒருமுறை, ஸுப்ஹுக்கு ஒருமுறை என்று வைத்தால், ஆறு பேருக்கு மூன்று ஒளு. தலைக்கு முக்கால் லிட்டர் என்றால் மொத்தம் பதின்மூன்றரை லிட்டர். நம் வாசலில் வந்திறங்கும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றே போதும், மிச்சமும் இருக்கும். குடிப்பதற்குத் தலைக்கு நான்கு லிட்டர் என ஒரு கேனுக்குச் சற்று மேல். கழிப்பறைத் தேவைக்கும் பாத்திரம் கழுவவும் இன்னொன்று. ஆக மூன்று கேன் சொல்லியிருக்கிறோம். பாலைவனச் சிற்றூரில் விருந்தினர் செலவழிக்கும் ஒவ்வொரு குடமும் அவ்வூராரின் தண்ணீரிலிருந்து எடுத்ததே என்பதால், கொடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு, ஒப்புதல் பெற்றுக்கொண்டோம்.

கணக்கு முடிந்ததும் மகள் ஏமாற்றத்தோடு கேட்டாள்: "அப்படியானால் நாம் தயம்மும் செய்யவே மாட்டோமா, வாப்பா?" செய்யமாட்டோம். கையில் போதிய நீர் இருக்கையில் தயம்மும் செல்லாது. தயம்மும் செய்யும் ஆசையில் நீரைக் குறைத்து எடுத்துச்செல்வது பேணுதலும் ஆகாது. குடிநீருக்கு முட்டுப்பாடு வந்தால் மட்டுமே அந்த வாசல் திறக்கும். அப்போதுங்கூட நம் தாகத்தோடு, உடன்வரும் ஒட்டகத்தின் தாகத்தையும் ஃபிக்ஹு நூல்கள் கணக்கில் எடுக்கின்றன. அந்நிலை வந்தால் எதில் தயம்மும் செய்வது என்பதையும் பேசி வைத்தோம். எங்கள் வீட்டில் நான் ஷாஃபிஈ, மனைவியின் குடும்பம் ஹனஃபி. ஷாஃபிஈ மத்ஹபில் புழுதியுள்ள மண் வேண்டும். புழுதியே ஒட்டாத வெறும் மணல் போதாது. ஹனஃபி மத்ஹபில் மணலும் கல்லும் போதும். நூலில் ஒருவரியாகக் கடந்துபோன இந்த வேறுபாடு, மணல்மேட்டின்மீது நிற்கப்போகிறவர்களுக்கு உயிருள்ள கேள்வியாகிவிட்டது.

தொழுகையைச் சேர்ப்பதிலும் இவ்வாறே. பயணத்தில் இரு வக்துகளைச் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபிலோ அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர அந்தந்த வக்திலேயே தொழவேண்டும். ஆகவே மனைவி லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலுமாக ஒரே ஒளுவில் தொழுவார். மஃரிபையும் இஷாவையும் அப்படியே. கேன் கணக்கும் மாறவில்லை, மத்ஹபும் மாறவில்லை.

திசையும் நேரமும்

சென்னையில் நாம் நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்காகச் சாய்ந்து கிப்லாவை நோக்குகிறோம். பழக்கத்தில் "மேற்கே, கொஞ்சம் வலப்பக்கம்" என்போம். ஜெய்சல்மேர் பகுதியில் அந்தச் சாய்வு இல்லை. அங்கே கிப்லா நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 4 பாகை தெற்காக இருக்கிறது. இராயபுரத்துப் பழக்கத்தில் நின்றால் 20 பாகைக்கு மேல் விலகிவிடுவோம்.

கைப்பேசியின் திசைகாட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அங்கே இணைப்பு விட்டுவிட்டு வரும், மின்னேற்ற வசதியும் குறைவு. ஆகவே பிள்ளைகளுக்குத் துருவ நட்சத்திரத்தைக் காட்ட முயன்றேன். தரையிலும் கடலிலும் இருளில் வழியறிவதற்காகவே நட்சத்திரங்களை ஆக்கியதாக அல்அன்ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுகிறான். ஆனால் எங்கள் மொட்டைமாடியிலிருந்து அதைக் காணவே முடியவில்லை. காரணம் எளிது. ஓரிடத்தின் அட்சரேகை எவ்வளவோ, அடிவானத்திலிருந்து அவ்வளவு பாகை உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் அங்கே தெரியும். சென்னையில் அது 13 பாகை, வெகு தாழ்வு. இராயபுரத்துக்கு வடக்கே என்ன இருக்கிறது? திருவொற்றியூர், மணலி, எண்ணூர். எங்கள் துருவ நட்சத்திரம் ஆலைகளின் புகைபோக்கிகளுக்கும் துறைமுக விளக்குகளுக்கும் பின்னால் மறைந்திருக்கிறது. ஜெய்சல்மேரில் அது 27 பாகை உயரத்தில் நிற்கும். அதை வலத் தோளுக்கு நேராக வைத்து நின்றால் முகம் கிப்லாவை நோக்கும். என் இளைய மகனுக்கு இந்தப் பயணத்தில் இருக்கும் ஆவலெல்லாம் இந்த ஒன்றின்மீதுதான்.

நேரமும் வேறு. டிசம்பர் கடைசியில் சென்னையில் காலை ஆறரை மணியளவில் கதிரவன் உதிக்கிறது. ஜெய்சல்மேரில் ஏழரை மணியாகிவிடும். லுஹர் வக்து நுழைவதும் அரைமணி நேரத்துக்கு மேல் தாமதமாகும். நம் பள்ளிவாசல் நேர அட்டவணையை நம்பி ஸுப்ஹு தொழுதால், வக்து வருமுன்பே தொழுதவர்களாவோம். அவ்வூருக்குரிய நேரங்களைத் தாளில் எழுதி எடுத்துச்செல்கிறோம். ஸுப்ஹுக்கு எழுப்பும் பொறுப்பு மகனுடையது. பிலால் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைச் சொல்லி, அவனுக்குத் துணையாக இன்னொரு கடிகாரத்தையும் வைத்திருக்கிறேன்.

எந்த இரவு என்பதில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. நட்சத்திரம் பார்க்க நிலவில்லாத மாதக் கடைசி வேண்டும் என்றனர் பிள்ளைகள். இருட்டில் நடக்க அஞ்சிய உம்மாவோ நிலா இருக்கவேண்டும் என்றார்கள். முஸ்தலிஃபாவில் அன்னை அஸ்மா பின்த் அபூபக்கர் (ரலி) அவர்கள் தொழுதுகொண்டிருந்து, நிலா மறைந்துவிட்டதா என்று இடையிடையே கேட்டு, மறைந்த பிறகே புறப்பட்டார்கள் என்பது ஹதீஸ். பத்தாம் பிறையின் நிலா நள்ளிரவுக்குப் பின் மறையும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே ஹிஜ்ரி மாதத்தின் பத்தாம் இரவைத் தேர்ந்தெடுத்தோம். முன்னிரவில் உம்மாவுக்கு வெளிச்சம், பின்னிரவில் பிள்ளைகளுக்கு நட்சத்திரம். மாதம் துல்ஹஜ் இல்லையெனினும், வானம் முஸ்தலிஃபாவின் வானத்தைப் போலவே இருக்கும்.

வெட்கப்பட்டுப் பேசாமல் விடும் செய்தி

குடும்பமாகத் திறந்தவெளிக்குச் செல்வதில் பெண்களின் முதற்கவலை கழிப்பறை. அதைப் பேசாமல் விடுவதால்தான் என் மாமியார் இரவெல்லாம் நீர் அருந்தாமல் இருந்தார்கள். நம் மார்க்கமோ இதைப் பேசத் தயங்கியதே இல்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் தேவைக்காகச் செல்கையில் பிறர் பார்வையிலிருந்து வெகுதூரம் செல்வார்கள். மக்கள் நடக்கும் வழியையும் இளைப்பாறும் நிழலையும் நீர்நிலையையும் அசுத்தப்படுத்துவதைச் சாபத்துக்குரிய செயலாக எச்சரித்தார்கள். திறந்தவெளியில் கிப்லாவை முன்னோக்குவதும் பின்னோக்குவதும் கூடாது. எனவே குழி தோண்டுமுன்பே திசை தெரிந்திருக்கவேண்டும்.

குடில்களுக்குப் பொதுவான கழிப்பறை ஒன்று உண்டு என்று விசாரித்து அறிந்தோம். மணல்மேட்டில் படுக்கும் இரவுக்கு மடித்து எடுத்துச்செல்லும் துணி மறைப்பு ஒன்று, சிறு மண்வெட்டி, குவளை, தலைக்கு ஒரு கைவிளக்கு. பெண்கள் இருவர் இருவராகவே செல்வது. இவ்வளவும் முடிவானபின் என் மனைவியின் முகத்தில் தெரிந்த நிம்மதியை, மற்ற எந்த ஏற்பாடும் தரவில்லை.

தங்குமிடத்துக்கும் ஒழுக்கம் உண்டு. இரவில் வழியின்மீது இறங்கித் தங்காதீர்கள், அது விலங்குகளும் ஊர்வனவும் நடமாடும் இடம் என்பது ஹதீஸின் கருத்து. ஓரிடத்தில் இறங்கும்போது அல்லாஹ்வின் பூரணமான வாக்குகளைக் கொண்டு பாதுகாவல் தேடும் துஆ உண்டு. படுக்குமுன் விரிப்பை உதறுவதும், பாத்திரங்களை மூடுவதும், நெருப்பை அணைப்பதும் சுன்னத்தே. சுருட்டை விரியன் பாம்புகள் வாழும் நிலம் அது. குளிர்காலத்தில் அவற்றின் நடமாட்டம் குறைவு என்றாலும், விரிப்பை உதறும் சுன்னத்தின் பொருள் அங்கே பிள்ளைகளுக்குத் தானாக விளங்கும்.

பயண ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கு ரயில் உண்டு. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு இன்னொரு ரயில், ஐந்தாறு மணி நேரம். அங்கிருந்து குரிக்கு வாடகை வண்டி. எல்லைப்புற மாவட்டம் என்பதால் பெரியவர் அனைவரும் ஆதார் அட்டை எடுத்துச்செல்வது நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையே தகுந்த காலம். பகலில் இதமாக இருந்தாலும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 பாகைக்கும் கீழே இறங்கும். மார்கழிப் பனியையே குளிர் என்றெண்ணும் சென்னைவாசிகள் கம்பளியை மறக்கக்கூடாது. உணவில் ஹலால் குழப்பமும் எளிதில் தீர்ந்தது. கம்பு ரொட்டி, தயிர், பாலையில் விளையும் கேர்-சாங்கரிப் பொரியல் ஆகிய சைவ உணவே சமைக்கச் சொல்லிவிட்டோம்.

மூன்று கேள்விகளுக்கு

இனி அந்தக் கேள்விகளுக்கு வருவோம்.

உம்ராவின் பணத்தை இதில் செலவிடுவதாக எண்ணவேண்டாம். இதை உம்ராவுக்கு நிகராகவும் நான் சொல்லவில்லை. சுற்றுலாவுக்கு மார்க்கப் போர்வை போர்த்துவது தவறு. கடனும் ஸகாத்தும் நிலுவையில் இருப்பவர் முதலில் அவற்றைத் தீர்க்கட்டும். ஆனால் எப்படியும் ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச்செல்லும் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் அந்தச் செலவில் ஒருமுறை இப்படிப் போகலாம் என்பதே என் வேண்டுகோள்.

வசதியான கூடாரம் ஹராம் இல்லை. கட்டிலில் படுப்பதில் குற்றமும் இல்லை. ஆனால் இசை நடனமும் மின்விளக்கு வரிசையும் மணலைக் கிழித்தோடும் வண்டிகளும் உள்ள இடத்தில், நீரையும் திசையையும் நேரத்தையும் நமக்காக வேறொருவர் கவனித்துக்கொள்வார். நாம் மணலைப் பார்த்துவிட்டு வருவோம், பாடம் அங்கேயே தங்கிவிடும். அதேசமயம் துன்பத்தைத் தேடிப்போவதும் தீன் ஆகாது. நடந்தே செல்வதாக நேர்ச்சை செய்து, இரு மக்களின் தோளில் தொங்கியபடி வந்த முதியவரைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அவர் தம்மை வருத்திக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறச் சொன்னார்கள். 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜில், கடும் வெப்பத்தின் நடுவே, 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. பாலைவனம் விளையாட்டு நிலம் இல்லை. ஆகவேதான் உம்மாவுக்குத் தடித்த மெத்தையும் மடக்கு நாற்காலியும் வருகின்றன. முடியவில்லை என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நள்ளிரவிலும் குடிலுக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளச் சொன்ன ஹதீஸின்படி நான் அமீர். ஆனால் எவ்வளவு நடப்பது, எங்கே நிற்பது என்பதில் எங்களுள் நலிந்தவரின் சொல்லே இறுதியானது. முஸ்தலிஃபாவிலும் நலிந்தவர்கள் இரவிலேயே முன்னதாகப் புறப்பட அனுமதி இருந்ததல்லவா?

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் முழுமையான விடையில்லை. எர்ணாவூர் நண்பர் சொன்னது உண்மை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பகுதியில் மின்சாரமும் குடிநீரும் நாள்கணக்கில் இல்லை. வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்து வீடுகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் பகுதி மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து குழந்தைகளோடு தெருவுக்கு ஓடினர். அவர்கள் எந்த நிய்யத்தும் வைக்காமலேயே கூரையற்ற இரவுகளைக் கண்டவர்கள். நாம் மூன்றாம் நாள் திரும்பிவிடுவோம். அவர்களுக்குத் திரும்பிச்செல்ல வேறு ஊர் இல்லை. ஆகவே இந்தப் பயணத்தை ஏழ்மையின் அனுபவம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

ஆயினும் அக்கேள்வியே எங்கள் திட்டத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தது. முதலாவது, நாம் போகும் இடத்தில் நம் தடம் எஞ்சக்கூடாது. பிறர் விட்டுச்சென்ற சாம்பலும் எண்ணெயும் ஓர் ஆற்றையும் அதை நம்பிய மீனவர்களையும் என்ன செய்யும் என்பதைக் கொசஸ்தலையாற்றின் கரையில் கண்டவர்கள் நாம். நம் பிளாஸ்டிக் பையை இன்னொருவரின் ஒட்டகம் தின்னும்படி விட்டுவருவது நமக்குத் தகாது. குப்பை முழுவதும் நம்மோடு ஜெய்சல்மேருக்குத் திரும்பும்.

இரண்டாவது, பயணத்துக்காக வாங்கும் கைவிளக்கு, கம்பளி, துணி மறைப்பு, முதலுதவிப் பெட்டி எவையும் திரும்பியபின் பரணில் ஏறா. ஒரே மூட்டையாகக் கதவருகே இருக்கும். நம் பகுதிக்கு டிசம்பர் எப்படி வரும் என்பதை நாம் அறிவோம். எங்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர்கள் யார், நடக்க முடியாதவர்கள் யார் என்னும் பட்டியலையும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஓரிரவுக்கு ஆறு பேருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்கிடத் தெரிந்தவர்கள், ஒரு தெருவுக்கு எவ்வளவு வேண்டும் என்றும் கணக்கிடலாம். ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் இக்கணக்கைப் போட்டு, மழைக்கு முன்பே பள்ளிவாசலில் கேன்களை அடுக்கிவைத்தால், என் நண்பரின் கேள்விக்கு ஓரளவேனும் விடை சொன்னவர்களாவோம்.

மொட்டைமாடியில் ஓர் ஒத்திகை

இராஜஸ்தான்வரை போக எல்லோராலும் முடியாது. போகவேண்டிய கட்டாயமும் இல்லை. நாங்கள் முதலில் எங்கள் மொட்டைமாடியில்தான் படுத்துப் பார்த்தோம். ஒளுவுக்கு ஒரே கேன், குழாயைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. முதல் முறை இஷாவுக்குள் கேன் காலியாகிவிட்டது. யார் அதிகம் ஊற்றினார் என்று பிள்ளைகளுக்குள் சண்டை. கைப்பம்படியில் வரிசையில் நின்று குடம் எண்ணி வளர்ந்த உம்மா சிரித்துவிட்டு, ஒரு குவளை நீரில் மூன்று மூன்று முறை உறுப்புகளைக் கழுவி ஒளுச் செய்துகாட்டினார்கள். குவளையில் மிச்சமும் இருந்தது. இரண்டாம் முறை ஸுப்ஹு முடிந்தபின்னும் கேனில் நீர் இருந்தது.

அன்று விடிந்தபோது, பாயிலிருந்து எழ உம்மாவுக்கு இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. "முதுகு வலிக்கிறது, ஆனால் தூங்கினேன்" என்றார்கள். அதன்பின்தான் மெத்தையைத் தடித்ததாக மாற்றினோம், பயணச்சீட்டையும் பதிவு செய்தோம்.

வாசகக் குடும்பங்களிடம் நான் கேட்பது சிறிது. உங்கள் வீட்டில் ஹஜ்ஜுக்கு நாடியிருக்கும் பெரியவர்கள் இருந்தால், வகுப்புகளுக்கு அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஓரிரவு அவர்களோடு வெறுந்தரையில் படுத்துப் பாருங்கள். எது அவர்களுக்குக் கடினம், எதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்பது அந்த இரவில் தெரிந்துவிடும். அதற்கு மருந்து தேட இங்கே காலம் இருக்கிறது, முஸ்தலிஃபாவில் இராது.

என் உம்மாவுக்கும், ஹஜ்ஜை நாடிக் காத்திருக்கும் எல்லாத் தாய் தந்தையருக்கும் அந்த இரவை உடல்நலத்தோடும் மன அமைதியோடும் அடையும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. கூரையின்றி வாழ்வோருக்குக் கூரையையும், அவர்களை மறந்துவிடாத உள்ளத்தை நமக்கும் அருள்வானாக. ஆமீன்.